மூன்று வாரம் ‘நோ இங்கிலீஷ்’: அயர்லாந்தின் கோடை மொழி வகுப்பை எப்படித் தேர்வு செய்வது?

ஜூலை மாத இரவு. அயர்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் கானமரா பகுதி. வெளியே சாரல். உள்ளே ஒரு ஹாலில் டீன் ஏஜ் பிள்ளைகள் எதிரெதிர் வரிசைகளாக நின்று ‘வால்ஸ் ஆஃப் லிமரிக்’ என்ற நடனத்தை ஆடிக்கொண்டிருக்கிறார்கள். காலைத் தப்பாக வைத்தால் யாரும் திட்ட மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவரின் காலை மிதித்துவிட்டு வாய் தவறி ஆங்கிலத்தில் ‘சாரி’ சொன்னால்தான் சிக்கல். பல முகாம்களில் முதலில் எச்சரிக்கை. மறுபடி மறுபடி பேசினால் வீட்டுக்கு போன் போகும்: ‘வந்து கூட்டிட்டுப் போயிடுங்க.’

கொஞ்சம் ஓவராகத் தெரிகிறதா? அயர்லாந்தில் தலைமுறை தலைமுறையாகப் பெற்றோர்கள் பணம் கட்டி, க்யூவில் நின்று பிள்ளைகளை அனுப்பும் இடம் இது. கொரோனாவுக்கு முன்பு ஆண்டுக்கு 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இப்படிப் போய் வந்தார்கள். பெரியவர்களுக்கும் தனியாக வகுப்புகள் உண்டு. அதில் அமெரிக்கா, ஜெர்மனி என்று வெளிநாடுகளிலிருந்து வருபவர்களும் சேர்கிறார்கள். 2023 பாஃப்டா விழாவின் சிவப்புக் கம்பளத்தில் நடிகர் பால் மெஸ்கல் ஐரிஷ் மொழியில் பேட்டி கொடுத்த வீடியோ வைரல் ஆனது நினைவிருக்கலாம். ‘தி கொயட் கேர்ள்’ ஆஸ்கர் நாமினேஷன் வரை போனது. ‘நீகேப்’ என்ற ராப் குழு தங்கள் கதையையே 2024-ல் படமாக்கியது. திடீரென்று ஐரிஷ் ‘கூல்’ ஆகிவிட்டது. டுவோலிங்கோவில் தொடங்கியவர்கள் அடுத்த கட்டமாகக் கேட்கும் கேள்வி: ‘கோடையில் எந்த ஊருக்குப் போய்க் கத்துக்கலாம்?’

இணையத்தில் தேடினால் எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி போட்டோதான் வரும். கடல், கல் சுவர், சிரிக்கும் பிள்ளைகள். உள்ளே இறங்கினால் வித்தியாசம் நிறைய இருக்கிறது.

கேல்டாக்ட் என்றால் என்ன?

ஐரிஷ் மொழியை அன்றாட வாழ்க்கையில் பேசும் பகுதிகள் என்று அரசு அறிவித்திருக்கும் இடங்களுக்குத்தான் ‘கேல்டாக்ட்’ என்று பெயர். இது ஒரே ஒரு மாவட்டம் இல்லை. வடமேற்கில் டொனகால், மேற்கில் மேயோ, கால்வே, தென்மேற்கில் கெர்ரி, தெற்கில் கார்க், வாட்டர்ஃபோர்ட் என்று பெரும்பாலும் கடலோரமாகச் சிதறிக் கிடக்கிறது. டப்ளினுக்குப் பக்கத்திலேயே மீத் கவுன்ட்டியில் மட்டும் ஒரு விதிவிலக்கு. 1935-ல் கானமராவிலிருந்து 27 குடும்பங்களை அரசே கொண்டுபோய் ராத் கார்ன் என்ற இடத்தில் நிலம் கொடுத்துக் குடியமர்த்தியது. சுற்றிலும் ஆங்கிலம் பேசும் ஊர்கள். நடுவில் இந்தக் குடும்பங்களின் கானமரா ஐரிஷ். அந்த இடம் கேல்டாக்ட் அங்கீகாரம் பெற 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஐரிஷ் அந்த நாட்டு அரசியல் சட்டப்படி முதல் ஆட்சி மொழி. பள்ளியில் கட்டாயப் பாடம். ஆனால், தெருவில்? 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘ஐரிஷ் பேசத் தெரியும்’ என்று சொன்னவர்கள் 18 லட்சத்து 73 ஆயிரத்துக்கும் மேல். அதாவது பத்தில் நான்கு பேர். அதே படிவத்தில் ‘எவ்வளவு நன்றாகப் பேசுவீர்கள்?’ என்று கேட்டபோது, அவர்களில் 55 சதவீதம் பேர் ‘அவ்வளவு நன்றாக வராது’ என்று டிக் அடித்தார்கள். பள்ளி, கல்லூரி வகுப்புக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் நாடு முழுக்க சுமார் 72 ஆயிரம் பேர். கேல்டாக்ட் பகுதிகளுக்குள் மட்டும் எண்ணினால் 20 ஆயிரத்தைச் சற்றே தாண்டும்.

அதாவது, ஒரு கோடையில் படிக்க வருகிற பிள்ளைகளின் எண்ணிக்கை, அங்கே தினமும் ஐரிஷ் பேசிக்கொண்டிருக்கும் உள்ளூர்க்காரர்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிடுகிறது. ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் மனதில் வைக்க வேண்டிய கணக்கு இதுதான்.

மேப்பில் இருக்கு... ஊரில் இருக்கா?

அரசு மேப்பில் கேல்டாக்ட் என்று நிறம் அடித்திருக்கும் இடமெல்லாம் ஐரிஷ் காதில் விழும் இடம் இல்லை. இதை ஓப்பனாகச் சொன்னது 2007-ல் வெளியான அரசு சார்ந்த ஒரு மொழி ஆய்வு. கேல்டாக்ட் பகுதிகளை அது மூன்று வகையாகப் பிரித்தது. மக்களில் 67 சதவீதத்துக்கு மேல் தினமும் ஐரிஷ் பேசினால் ‘ஏ’ வகை. அதற்குக் கீழே இறங்கிவிட்டால், இளைஞர்கள் தங்களுக்குள் பேசும் மொழி ஆங்கிலமாக மாறிவிடும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. 2015-ல் அதே ஆய்வின் அப்டேட் வந்தபோது மொத்தம் 155 வட்டங்களில் 21 மட்டுமே ‘ஏ’ வகையில் நின்றன.

அப்படியானால் மற்ற இடங்களுக்குப் போகவே கூடாதா? அப்படியும் சொல்லிவிட முடியாது. நல்ல ஆசிரியர்களும், கட்டுப்பாடும், அனுபவமும் உள்ள வகுப்பு எந்த ஊரில் நடந்தாலும் மொழி ஏறும். ஆனால், உங்கள் நோக்கம் ‘வகுப்பு முடிந்து கடைக்குப் போனாலும், பஸ் ஸ்டாப்பில் நின்றாலும் ஐரிஷ் கேட்கணும்’ என்பதாக இருந்தால், ஊர் ரொம்ப முக்கியம். கால்வே நகரத்திலிருந்து மேற்கே கடலை ஒட்டிப் போனால் வரும் இன்வெரின், கராரோ, அதற்கும் அப்பால் ராஸ்மக், கார்னா; டொனகாலில் குவீடோர்; கெர்ரியில் டிங்கிள் தீபகற்பத்தின் மேற்கு முனை. மொழி இன்னும் தெருவில் நடமாடும் இடங்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவை இவை. டிங்கிள் டவுனுக்கும் அதைத் தாண்டி மேற்கே இருக்கும் பாலிஃபெரிட்டர் கிராமத்துக்குமே வித்தியாசம் தெரியும். டவுனில் டூரிஸ்ட் கூட்டம், ஆங்கிலம். சில மைல் தள்ளினால் காட்சி மாறும். புக்கிங் பக்கத்தில் ‘டிங்கிள்’ என்று மட்டும் போட்டிருந்தால், எந்தப் பக்கம் என்று கேட்டுவிடுவது நல்லது.

கால்வே கடலில் இருக்கும் ஆரன் தீவுகள் மூன்றும் கேல்டாக்ட்தான். இனிஷ்மோர் பெரியது, பகலில் படகு படகாக டூரிஸ்ட் இறங்குவார்கள். நடுவில் இருக்கும் இனிஷ்மான் அமைதியானது. சின்னத் தீவான இனிஷீரில் டீன் ஏஜ் பிள்ளைகளுக்கான கோடை முகாம் பிரபலம். தீவில் ஒரு வசதி: தப்பித்து ஆங்கிலத்துக்கு ஓட இடம் இல்லை. ஒரு தொல்லை: காற்று பலமாக அடித்தால் படகு ஓடாது.

எந்த ஐரிஷ்?

மூன்று பெரிய வட்டார வழக்குகள் இருக்கின்றன. வடக்கே அல்ஸ்டர், மேற்கே கானாக்ட், தெற்கே மன்ஸ்டர். ‘எப்படி இருக்கே?’ என்று கேட்பதற்கே மூன்று விதம். டொனகாலில் ‘கஜே மர அதா தூ’, கானமராவில் ‘கே கீ வில் தூ’, கெர்ரியில் ‘குனஸ் அதா தூ’. பாடப் புத்தகத்தில் வருவது பொதுவான எழுத்து நடை. அதை மட்டும் படித்துவிட்டு டொனகாலில் போய் இறங்கினால் முதல் இரண்டு நாள் தலை சுற்றும்.

பள்ளி மாணவர்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை. தேர்வில் எந்த வழக்கில் பேசினாலும் ஏற்பார்கள். மாணவரின் பள்ளி ஆசிரியர் எந்தப் பகுதியைச் சேர்ந்தவரோ, அந்தப் பக்கம் போனால் பழக்கம் சுலபம். பெரியவர்கள் விஷயம் வேறு. தாத்தா பாட்டி கெர்ரியிலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர்கள் என்றால் பேரன் பேத்திகள் கெர்ரி வழக்கைத்தான் தேடுவார்கள். ஒரு வழக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு, மூன்று கோடை அதே இடத்துக்குத் திரும்பப் போகிறவர்களுக்குக் காது சீக்கிரம் பழகிவிடும். ஒவ்வொரு வருஷமும் ஊர் ஊராக மாற்றினால் சுற்றுலாவாக நன்றாக இருக்கும். மொழி சற்று மெதுவாகத்தான் வரும்.

டீன் ஏஜ் முகாம்: ஒரு நாள் எப்படிப் போகும்?

இந்தக் கோடைக் கல்லூரிகளின் கதை 1904-ல் கார்க் கவுன்ட்டியின் பாலிங்கியரி கிராமத்தில் தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்கள் பிள்ளைகள் இல்லை. ஐரிஷ் கற்பிக்கப் பயிற்சி தேவைப்பட்ட ஆசிரியர்கள். பிறகுதான் மாணவர் கூட்டம் வந்தது. இன்று வழக்கமான கோர்ஸ் மூன்று வாரம். பள்ளி விடுமுறையைப் பொறுத்து ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டில் பேட்ச் பேட்ச்சாக நடக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் என்று சுருக்கியும் சிலர் நடத்துகிறார்கள்.

காலையில் வகுப்பு. மதியம் தங்கியிருக்கும் வீட்டில் சாப்பாடு. பிற்பகல் விளையாட்டு, கடற்கரை, பாட்டு, டிராமா. இரவில் ‘கேலி’ என்கிற கூட்டு நடனம். முடிவில் எல்லோரும் எழுந்து நின்று தேசிய கீதத்தை ஐரிஷில் பாடிவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் வீடு திரும்புவார்கள். போனைப் பல இடங்களில் வாங்கி வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் கொடுப்பார்கள்.

எல்லா முகாமும் ஒரே ரகம் என்று நினைத்துவிட வேண்டாம். இன்வெரினில் இருக்கும் கொலாஷ்டே லுர்கன் பாட்டுக்குப் பெயர் போனது. ஹிட் ஆங்கிலப் பாடல்களை மாணவர்களை வைத்து ஐரிஷில் பாடி யூடியூபில் போடுவார்கள். 2013-ல் அவிச்சியின் ‘வேக் மீ அப்’ பாடலுக்கு அவர்கள் செய்த ஐரிஷ் வெர்ஷன் உலகம் முழுக்கச் சுற்றியது. வாட்டர்ஃபோர்டில் இருக்கும் ரிங் கல்லூரி ஹாஸ்டல் முறைக்குப் பழக்கமானது. 1953 முதல் இயங்கும் கேல் லின் என்ற மொழி அமைப்பு பல ஊர்களில் முகாம் நடத்துகிறது. விளையாட்டில் ஆர்வமுள்ள பிள்ளையைப் பாட்டு முகாமில் போட்டுவிட்டு ‘ஏன் பேசவே மாட்டேங்குறான்?’ என்று கேட்பதில் அர்த்தமில்லை.

தேர்வு நோக்கம் உள்ளவர்களுக்குக் கணக்கு நேரடியானது. பள்ளி இறுதித் தேர்வான ‘லீவிங் சர்ட்’டில் ஐரிஷ் பாடத்தின் 40 சதவீத மதிப்பெண் வாய்மொழித் தேர்வுக்குப் போகிறது. 600-க்கு 240. கவிதை வாசிப்பது, படத்தொடரைப் பார்த்துக் கதை சொல்வது, தேர்வாளரோடு உரையாடுவது எல்லாம் அதில் அடக்கம். இதைப் புத்தகத்தை வைத்து மனப்பாடம் செய்து ஓரளவு சமாளிக்கலாம். ஆனால், தேர்வாளர் பாதை மாறிக் கேள்வி கேட்டால் கை கொடுப்பது பேச்சுப் பழக்கம்தான். அதனால், கடைசி ஆண்டுக்கு முந்தைய கோடையில் சீட்டுக்குப் போட்டி அதிகம். தேர்வுக்காகவே போகிறவர்கள் ‘வாய்மொழித் தேர்வுக்குத் தனி வகுப்பு இருக்கா?’ என்று முன்பே கேட்க வேண்டும். எல்லா முகாமிலும் அது கிடையாது.

செலவு? மூன்று வாரத்துக்கு ஆயிரம் யூரோவைச் சுற்றியோ, அதற்கு மேலோ ஆகும். நம் ரூபாயில் ஒரு லட்சத்தை எட்டும். கைச்செலவு, பஸ், மழைக்கோட்டு எல்லாம் தனி. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் இது சின்னத் தொகை இல்லை. ‘ஐரிஷ் நன்றாகப் பேச வேண்டும் என்றால் பணக்காரப் பெற்றோர் வேண்டும்’ என்ற புகார் அங்கே பழசு. மொழி அமைப்புகள், பள்ளிகள் வழியாக உதவித்தொகைகள் இருக்கின்றன. அதற்கான விண்ணப்பம் பெரும்பாலும் பள்ளி அலுவலகம் வழியாகத்தான் நகரும். பெற்றோர் தாமாகப் போய்க் கேட்க வேண்டியிருக்கும். நகரங்களிலேயே நடக்கும் பகல் நேர முகாம்கள் விலை குறைவு. ராத்திரி வீட்டுக்கு வந்து ஆங்கிலத்தில் நெட்ஃபிளிக்ஸ் பார்த்தால் மூழ்கிக் கற்கும் பலன் வராதுதான். ஆனால், பத்து வயசுப் பிள்ளைக்கு அது நல்ல ஆரம்பம்.

‘பான் அன் டீ’ என்கிற அம்மா

இனி முக்கியமான கட்டத்துக்கு வரலாம். பெரும்பாலான முகாம்களில் மாணவர்கள் தங்குவது உள்ளூர்க் குடும்பங்களின் வீட்டில். அந்த வீட்டுத் தலைவிக்கு ‘பான் அன் டீ’ என்று பெயர். நேரடியாகச் சொன்னால், வீட்டுக்காரம்மா. பங்க் பெட் போட்ட அறைகளில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் கூடத் தங்குவார்கள். அவர்களுக்கு மூன்று வேளை சமைத்துப் போடுவது, ஈரத்துணியைக் காய வைப்பது, முதல் வாரம் வீட்டு ஞாபகத்தில் அழும் பிள்ளையைத் தட்டிக்கொடுப்பது எல்லாம் அவர்தான். வகுப்பில் இலக்கணம் கிடைக்கும். ‘உப்பை எடு’, ‘ஷூவை வெளியே கழட்டு’, ‘என்ன மூஞ்சி தூக்கி வெச்சிருக்கே?’ என்கிற ஐரிஷ் இந்தச் சமையலறையில்தான் கிடைக்கும்.

இதற்குப் பின்னால் ஒரு பொருளாதாரமும் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற வீட்டுக்கு, தங்கும் ஒவ்வொரு மாணவருக்கும் இரவுக் கணக்கில் அரசு மானியம் தருகிறது. வீட்டில் ஐரிஷ் பேசுகிறார்களா, அறைகள் தரமாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் அங்கீகாரம். வேலைவாய்ப்பு குறைந்த கடலோரக் கிராமங்களுக்குக் கோடை வருமானம் இதுதான். ஊரில் மொழியை வைத்திருந்தால் காசு வரும் என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் கிடைக்காது.

2020, 2021 இரண்டு கோடைகளும் கொரோனாவால் போயின. முகாம்கள் திறக்கவே இல்லை. மறுபடி திறந்தபோது பல வீடுகள் திரும்ப வரவில்லை. வயதாகிவிட்டது என்று சிலர் நிறுத்திக்கொண்டார்கள். இளைய தலைமுறையில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். ஜூன் முழுக்கப் பதினைந்து பேருக்குச் சமைக்க யாருக்கு நேரம்? அதோடு, கடல் பார்த்த வீடுகளை ஹாலிடே ஹோமாக வாங்கும் வெளியூர்க்காரர்களால் விலை ஏறி, உள்ளூர் இளம் ஜோடிகளுக்குச் சொந்த ஊரில் வீடே கிடைப்பதில்லை. அவர்கள் கால்வேக்கோ டப்ளினுக்கோ போய்விட்டால் அடுத்த பான் அன் டீ எங்கிருந்து வருவார்? சீட் தட்டுப்பாடு என்று பெற்றோர் சொல்வதன் வேர் பல இடங்களில் இந்த வீட்டுத் தட்டுப்பாடுதான்.

சில முகாம்கள் உள்ளூர்ப் பள்ளிக் கட்டடங்களையோ விடுதியையோ பயன்படுத்துகின்றன. விடுதியில் கண்காணிப்பும் வசதியும் ஒரே சீராக இருக்கும். நண்பர்கள் கூட்டமும் பெரிசு. ஆனால், நாற்பது டீன் ஏஜ் பிள்ளைகள் ஒரே காரிடாரில் இருந்தால் ராத்திரி பத்து மணிக்கு என்ன மொழி பேசுவார்கள் என்பதை ஊகிக்க ஆய்வு தேவையில்லை. மொழிக்காகப் போகிறோம் என்றால் வீட்டுக்குத்தான் முதல் ஓட்டு. முதல் தடவை வீட்டை விட்டுப் பிரியும் பயந்த பிள்ளைக்கு, தோழியோடு சேர்ந்து போகும் விடுதி சரியாக இருக்கலாம். ஒரே பள்ளியிலிருந்து ஆறு பேர் ஒரே வீட்டில் தங்குவது மட்டும் வேண்டாம். அந்த ஆறு பேரும் தங்களுக்குள் ஆங்கிலத்தில் ஒரு தனி நாடு அமைத்துக்கொள்வார்கள்.

பெரியவர்களுக்கு எங்கே?

வேலைக்குப் போகிறவர்களுக்கு மூன்று வார லீவு கிடைப்பது கஷ்டம். பெரியவர்களுக்கான கோர்ஸ்கள் பெரும்பாலும் ஒரு வாரம், வார இறுதி என்ற அளவில்தான். பலருக்கும் முதலில் தெரிய வரும் பெயர் டொனகாலின் கிளென்கோலும்கில் கிராமத்தில் இருக்கும் ஓடஸ் கேல். 1984 முதல் நடக்கிறது. சுத்தமான பிகினரிலிருந்து சரளமாகப் பேசுகிறவர் வரை வேறு வேறு நிலைகள். மொழியோடு மலையேற்றம், நெசவு, நடனம் சேர்ந்த கோர்ஸ்களும் உண்டு. ரயிலே இல்லாத கவுன்ட்டி டொனகால். அங்கே போய்ச் சேருவதே அரை நாள் வேலை.

கானமராவில் கராரோ ஊரில் கால்வே பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது. ‘க்ரே ந கில்லே’ நாவலை எழுதிய மார்ட்டின் ஓ கைன் பெயரில் அமைந்தது. ராத் கார்ன் குடியேற்றம் நடக்கக் குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். கொஞ்சம் படிப்பு வாசனை வேண்டும், பல்கலைக்கழக பாணி வகுப்பு வேண்டும் என்பவர்களுக்கு இந்த இடம் செட் ஆகும். கெர்ரியில் பாலிஃபெரிட்டரில் உள்ள உள்ளூர் மரபு அமைப்பும் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்துகிறது.

பெரியவர்கள் தவறுவது பெரும்பாலும் லெவலில்தான். பள்ளியில் பதின்மூன்று வருஷம் படித்த ஐரிஷ்காரர் கூச்சத்தில் ‘நான் பிகினர்’ என்று சேர்ந்துவிடுவார். பக்கத்தில் நிஜமாகவே முதல் நாள் எழுத்து பார்க்கும் ஜெர்மன்காரர். இருவருக்கும் வாரம் வீண். ஐரோப்பிய மொழிகளுக்கான ஏ1, ஏ2, பி1 நிலைகளை ஐரிஷுக்கும் பொருத்தி, மேனூத் பல்கலைக்கழகம் டி.இ.ஜி. என்ற தேர்வை நடத்துகிறது. தேர்வு எழுதாவிட்டாலும் பரவாயில்லை. எந்த நிலையில் என்ன பேச வர வேண்டும் என்று அதன் விளக்கத்தைப் படித்துப் பார்த்தாலே எந்த வகுப்பில் உட்காரலாம் என்று தெரிந்துவிடும்.

ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். ஏ1 நிலையில் போகிறவர், எவ்வளவு சுத்தமான கேல்டாக்ட்டுக்குப் போனாலும், பப்பில் உட்கார்ந்து உள்ளூர்க்காரரோடு பேசிவிட முடியாது. இரண்டு வாக்கியம் திணறியதுமே எதிரில் இருப்பவர் மரியாதைக்கு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். அவருக்கு அது உதவி. உங்களுக்கு அது நஷ்டம். ஆரம்ப நிலைக்காரர்களுக்கு ஊரைவிட வகுப்பின் தரம் முக்கியம். பி1 தொட்ட பிறகு ஊரைத் தேடிப் போனால் கொடுத்த காசு முழுசாக வேலை செய்யும். சாயந்திர நேரத்துக்கு என்ன திட்டம் என்றும் பார்க்க வேண்டும். மதியம் மூன்று மணிக்கு வகுப்பு முடிந்து, மீதி நேரம் சக மாணவர்களோடு ஆங்கிலத்தில் கடற்கரை நடை என்றால் அது நல்ல விடுமுறை, அவ்வளவுதான்.

என்ன கேட்கலாம்?

விளம்பரப் பக்கத்தில் இல்லாத விஷயங்களைத்தான் போன் போட்டுக் கேட்க வேண்டும். டீன் ஏஜ் முகாம் என்றால் முதல் கேள்வி, அரசு அங்கீகாரம் இருக்கிறதா, ஊழியர்களுக்கும் தங்கும் வீட்டாருக்கும் போலீஸ் சரிபார்ப்பு முடிந்திருக்கிறதா என்பது. தயங்காமல் பதில் வர வேண்டிய கேள்வி இது. அடுத்து, ஆங்கிலம் பேசினால் என்ன நடைமுறை? ‘உடனே அனுப்பிடுவோம்’ என்பதும் பிரச்னை, ‘பரவாயில்லை, கண்டுக்க மாட்டோம்’ என்பதும் பிரச்னை. வார்த்தை தெரியாமல் ஆங்கிலம் வருவதையும், வேண்டுமென்றே பேசுவதையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த முகாம் நல்ல முகாம். அனுப்பிவைத்தால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் திரும்பாது.

ஒரு வீட்டில் எத்தனை பேர், வகுப்பில் எத்தனை பேர், வீட்டிலிருந்து ஹாலுக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், உடம்பு சரியில்லை என்றால் டாக்டர் எங்கே? கற்றல் குறைபாடோ அலர்ஜியோ இருந்தால் சேரும்போதே சொல்லிவிட வேண்டும். சைவ உணவு என்றால் இன்னும் தெளிவாக. ‘வெஜிடேரியன் ஓகே’ என்ற பதிலோடு விடாமல், ‘மூணு வாரமும் என்ன கொடுப்பீங்க?’ என்று கேட்டுவிட்டால், உருளைக்கிழங்கை மட்டும் சாப்பிட்டு இளைத்து வரும் பிள்ளையைப் பார்த்து வருத்தப்பட வேண்டாம்.

முன்பு போய் வந்த பிள்ளையிடம் பேச முடிந்தால் இந்தக் கேள்விகளில் பாதி தேவைப்படாது. ‘நல்லா இருந்துச்சா?’ என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். முதல் காதலே அங்கேதான் என்று சிரிப்பவர்களும் உண்டு. ‘ராத்திரி ரூமில் என்ன மொழி பேசினீங்க?’ என்று கேட்டுப் பார்க்கலாம்.

இந்தியக் குடும்பங்களுக்கு...

ஐ.டி., நர்சிங் வேலைகளுக்காக அயர்லாந்தில் குடியேறிய இந்தியக் குடும்பங்களில் தமிழர்களும் இருக்கிறார்கள். 2022 கணக்கெடுப்பில் அங்கே இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் மட்டும் 45 ஆயிரத்துக்கும் மேல். அவர்களின் முதல் சந்தேகம், ‘நம்ம பிள்ளைக்கு ஐரிஷ் தேவையா?’

வெளிநாட்டில் படித்துவிட்டு 12 வயதோ அதற்கு மேலோ ஆன பிறகு அயர்லாந்துப் பள்ளியில் சேரும் பிள்ளைக்கு ஐரிஷ் பாடத்திலிருந்து விலக்கு கேட்கலாம். தானாக வராது, பெற்றோர் பள்ளியில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குள் வந்துவிட்ட பிள்ளைகளும் அங்கேயே பிறந்த பிள்ளைகளும், மற்ற காரணங்கள் இல்லாவிட்டால், எல்லோரையும் போலப் படித்தாக வேண்டும். விலக்கு கிடைக்கிறதே என்று உடனே கையெழுத்துப் போடும் முன் ஒன்றை யோசிக்கலாம். அங்கே தொடக்கப் பள்ளி ஆசிரியராக விரும்பினால் லீவிங் சர்ட்டில் உயர்நிலைத் தாளில் ஐரிஷ் எழுதித் தேறியிருக்க வேண்டும். பயிற்சியின்போது கேல்டாக்ட்டில் தங்கிப் படிப்பதும் கட்டாயம். பதிமூன்று வயதில் வாங்கிய விலக்கு பதினெட்டு வயதில் ஒரு கதவைச் சாத்திவிடக்கூடும்.

வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று இரண்டில் ஓடும் பிள்ளைக்கு மூன்றாவது மொழி பெரிய பயமாக இருக்காது. வீட்டில் பாடத்தில் உதவ ஆள் இல்லை என்பதுதான் அவர்களின் நிஜப் பிரச்னை. ஐரிஷ் தெரிந்த அம்மா அப்பா ஹோம்வொர்க்கைப் பார்த்துக் கொடுப்பார்கள். சென்னையிலிருந்து போன அம்மா அப்பாவால் அது முடியாது. அந்தப் பள்ளத்தை நிரப்ப மூன்று வாரம் ஒரு நேர்வழி. ஐந்தாம், ஆறாம் வகுப்பிலேயே ஒரு குறுகிய முகாமில் போட்டுப் பார்த்துவிட்டு, பெரிய செலவை லீவிங் சர்ட்டுக்கு முந்தைய கோடைக்கு வைத்துக்கொள்வது பட்ஜெட்டுக்கும் ஒத்து வரும்.

அடுத்த கோடைக்கான பதிவை முகாம்கள் பெரும்பாலும் அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே திறந்துவிடுகின்றன. பெயர் பெற்ற இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். ஏப்ரலில் தேடத் தொடங்கினால் மிச்சம் இருக்கும் சீட்டில்தான் உட்கார முடியும். அப்படி மாட்டிக்கொண்டவர்கள் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு, ஆகஸ்ட் பேட்ச்சில் யாராவது விலகினால் கூப்பிடச் சொல்லலாம். மழைக்கோட்டை மட்டும் எதற்கும் இப்போதே வாங்கிவிடலாம்.